அடங்கிப்போன ஸ்பிரிங் பெட்டி

ஊரில் எவர் கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டி, அதாவது ஆம்ப், கரகரத்தாலும் அந்த ரிப்பேர்காரரிடம்தான் வரும். அவர் வீட்டு ஆம்ப் மட்டும் வருஷக்கணக்காக அலறிக்கொண்டு கிடந்தது. அது அவர் மனைவியுடையது. பிள்ளைகளுக்கு கிட்டார் சொல்லிக்கொடுத்த மகராசி. "ஊருக்குத்தான் உபதேசமா? என்னோடதை எப்பங்க பாப்பீங்க?" என்பாள். "நாளைக்கு" என்பார். பாழாய்ப்போன அந்த நாளை வரவேயில்லை. போன மழைக்காலத்தில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

கோளாறு ஒன்றும் பெரிதில்லை. ஆம்ப்பின் அடியில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் நீளமான ஸ்பிரிங்குகள். வாசிக்கிற ஒலி அவற்றில் ஓடித் திரும்பினால் பெரிய மண்டபத்தில் வாசிப்பதுபோல முழங்கும். ஆனால் தகரத்தை மரத்தோடு இறுக்கி முடுக்கியிருந்தார்கள். தரை அதிர்ந்தாலே ஸ்பிரிங் ஆடி 'ஜல்'லென்று கத்தும். அவர் நடையோ யானை நடை. வாசலில் கால் வைத்ததுமே ஆம்ப் கத்தும். அவளும் திரும்பிப் பார்க்காமலே, "வந்துட்டீங்களா? கை கழுவிட்டு வாங்க" என்பாள்.

இப்போது மகளுக்கு முதல் கச்சேரி.

"அப்பா, அம்மா ஆம்ப்புலதான் வாசிப்பேன். டிரம்ஸ் அடிச்சா அது கத்தி மானத்தை வாங்கிடுமேப்பா."

"நான் எதுக்கு இருக்கேன்? குண்டூசி விழுந்தாக்கூட கேக்குற அளவுக்கு அமைதியா பண்ணித் தரேன் பாரு."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று தன்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தகரத்தைக் கழற்றினார். அடியில் ஸ்பாஞ்சு வைத்தார். திருகுகளுக்கு மெத்தென்ற ரப்பர் கொடுத்து, முடுக்காமல் தளர விட்டார். மரத்தில் உரசிய ஒயரை ஒதுக்கிக் கட்டினார். ஒரு பிற்பகலில் முடிந்துபோன வேலை. இதற்கா அவளை அத்தனை வருஷம் காக்க வைத்தோம் என்று நெஞ்சு எரிந்தது.

மறுநாள் சாயங்காலம் கடையிலிருந்து வந்தார். மகள் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள், அம்மாவைப் போலவே. ஒலி கண்ணாடியாக இருந்தது. அவர் உள்ளே கால் வைத்தார். சத்தமில்லை. இன்னும் அழுத்தி மிதித்தார். ஊஹூம். தன் வீட்டுக்குள் திருடன்போல நின்றார்.

பாட்டு முடிந்து மகள் திரும்பினாள். "ஐயோ! எப்பப்பா வந்தீங்க? வந்ததே தெரியல! ஆம்ப் சூப்பர்ப்பா, ஒரு சின்னச் சத்தம்கூட இல்ல."

"இப்பத்தாம்மா" என்றார்.

ரப்பரைக் கழற்றிப் பழையபடி கத்த வைக்க ஐந்து நிமிஷம் போதும். மகளின் மலர்ந்த முகத்தைப் பார்த்தார், அந்த நினைப்பை விட்டார். யாரும் சொல்லாமலே கை கழுவப் போனவர், குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் அழுதார்.