கராஜுக்குள் அகப்பட்ட பிக்கப்

எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது, மொன்றியலில், பியர்பொன்ட்ஸ் பகுதியில் இருந்த எங்கள் வீட்டு கராஜுக்குள் அப்பாவும் மாமாவும் சேர்ந்து பின்னால் திறந்த பெட்டி வைத்த ஒரு பிக்கப் வண்டி செய்தார்கள். அது கெட்டித்தனமா, கிறுக்குத்தனமா என்று இன்றுவரை எங்கள் குடும்பத்தில் முடிவாகவில்லை.

அப்பா சென்ட் லோரன்டில் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் வேலை பார்த்தவர். ஆட்குறைப்பு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு உடனே ரொறன்ரோ நினைவு வந்தது. அங்கே அவருடைய அக்கா, என் பெரியம்மா, இருந்தார். அப்பாவோ, மொன்றியல் வீடுகளுக்கு வெளியே இருக்கும் இரும்புப் படிகளைப் பனியும் அதைக் கரைக்கக் கொட்டும் உப்பும் தின்னும்வரை தனக்கு இங்கேயே பிழைப்பு உண்டு என்றார். அதற்கு வெல்டிங் சாமான் ஏற்ற ஒரு வாகனம் வேண்டும். நான் அப்பாவின் கட்சி. என் பள்ளிக்கூடம் இங்கே, என் ஒரே சிநேகிதியும் இங்கேதான்.

மாமா, அம்மாவின் தம்பி, எங்கள் பேஸ்மென்டில் குடியிருந்தவர். கேட்காமலே யோசனை சொல்லுவார். நகரத்துக்கு வெளியே ஒரு பண்ணைக் கொட்டிலில் தன்னைவிட மூத்த பிக்கப் ஒன்றைக் கண்டுபிடித்தார். மேலுடம்புக்கு ஒரு குறையுமில்லை. அதைத் தாங்கும் சேசிஸ் மட்டும் துரு பிடித்து, விரலால் குத்தினாலே உதிர்ந்தது. உருண்டு மேற்பகுதி நசுங்கிப்போன புதுப் பிக்கப் ஒன்றின் சேசிஸை எஞ்சினோடு எடுத்து, பழைய உடம்பை அதில் பூட்டலாம் என்றார் மாமா. "புதுசை ஆர் அத்தான் திரும்பிப் பாப்பினம்? பழசெண்டா சனம் தானா வந்து கதைக்கும்."

அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "சித்திரை வருசப் பிறப்புக்கு முதல் அது தானா ஓடி வெளியில வரவேணும். வராட்டில், பள்ளிக்கூடம் முடிஞ்ச கையோட ரொறன்ரோ."

அந்தக் குளிர்காலம் முழுக்க அப்பா அளந்தார். புது சேசிஸ் ஒரு சாண் நீளம் கூட. நடுவில் வெட்டி, குறைத்து, மறுபடி ஒட்டினார். சில்லு மட்கார்ட் வளைவுக்கு நேராக வரும்வரை சோறு ஆறிப்போனாலும் உள்ளே வரமாட்டார். அம்மா கராஜை எட்டியும் பார்க்கவில்லை. தட்டை என்னிடம் கொடுத்தனுப்புவார்.

வருசப் பிறப்புக்கு முந்திய நாளான ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். நாலரைக்கு ராகுகாலம், அதற்கு முன் வெளியே எடுத்துவிட வேண்டும். சொந்தக்காரரும் கோயிலில் பழகியவர்களும் நன்றாக உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள். மாமா சில்லுகளுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். எஞ்சின் முதல் முறுக்கிலேயே பிடித்தது. பழங்கள் நசுங்கின, சனம் கைதட்டியது, பிக்கப் வாசல்வரை வந்து டங்கென்று நின்றது. கூரை வாசல் மேற்சட்டத்தில் முட்டிவிட்டது.

உடம்பு தனியாக உள்ளே வந்தது, சேசிஸும் தனியாக வந்தது. நீளத்தை நூறு தரம் அளந்த அப்பா, இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு உயரம் என்று ஒருதரமும் அளக்கவில்லை. நாலு விரல் இடித்தது. மாமா ரயர்களின் காற்றைத் திறந்துவிட்டார். இன்னும் இரண்டு விரல். ஆண்கள் பின்பெட்டிக்குள் ஏறித் தலையைக் குனிந்துகொண்டு குந்தினார்கள். பின்பக்கம் பதிந்தது, முன்பக்கம் அசையவில்லை. நேரம் நாலேகால். "இண்டைக்கு விட்டிட்டு, பேந்து ஒரு நாளைக்குப் பாப்பம்," என்று யாரோ மெதுவாகச் சொன்னார். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா முற்றத்தில் கைகட்டி நின்றார். இன்னும் கால் மணித்தியாலம் அப்படியே நின்றிருந்தால் போதும், ரொறன்ரோதான். ஆனால் அவர் செருப்பைக் கழற்றினார். பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பம்பரில் கால்வைத்து ஏறி, முன்பக்கத்து எஞ்சின் மூடி, பொனற்றின்மேல் ஓரமாக உட்கார்ந்தார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? ஏறுங்கோ," என்றார் மற்றப் பெண்களிடம். பிறகு அப்பாவைத் திரும்பிப் பார்க்காமலே, "மெல்ல எடுங்கோ," என்றார்.

இரண்டு மாமிகள் இருபுறமும் தொற்றினார்கள். பிக்கப் முனகிக்கொண்டு பதிந்தது. கூரையின் பெயின்ற் ஒரு கீற்று உரசிப்போனதோடு, அத்தனை பேரையும் சுமந்துகொண்டு வெயிலுக்குள் வந்து நின்றது. அப்பா இறங்கவே இல்லை. உள்ளேயிருந்தபடி சிரித்துக்கொண்டே இருந்தார்.

எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. உடனே சிநேகிதிக்கு ஃபோன் பண்ணி, எங்கள் அம்மா நல்ல குண்டாக இருந்தபடியால் நாங்கள் ரொறன்ரோ போகத் தேவையில்லை என்றேன். பக்கத்தில் நின்ற அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் ரிசீவரை வாங்கி பெரியம்மாவுக்கு எடுத்தார்.

"இல்லையக்கா. நாங்கள் வரேல்லை," என்று தொடங்கியவர், ஃபோனோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வந்தவர்களெல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. பெரியம்மாவுக்கு ஏதும் சுகமில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டு, நான் பிக்கப்பில் ஏறி ஹோர்ன் அடிக்க ஓடினேன்.