பம்பரத்தின் இரண்டாவது ப

அவருடைய எண்ணிலிருந்துதான் அழைப்பு வந்தது. பேசியது அவர் மனைவி கலாவதியம்மா. "யம்மா, உங்க சாரு பூட்டாரும்மா" என்றார். "எங்க, பெங்களூருக்கா?" என்று கேட்டேன். கச்சேரி கச்சேரி என்று மாதத்தில் பாதி நாள் பெட்டியோடு கிளம்பிப் போகிறவர். மறுமுனையில் அழுகை கேட்டது. அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது.

ஏழுமலை ஏட்டை வில்லியனூர்ப் பக்கம் தெரியாதவர்கள் குறைவு. இதை வாசிக்கிற உங்களில் சிலர் அவரைச் சிவப்புத் தொப்பியோடு பார்த்திருப்பீர்கள், சிலர் கறுப்புக் கோட்டோடு மேடையில். கரியமாணிக்கத்தில் கரும்பு போடுகிற குடும்பம். ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தார். வருகிறவர்கள் சொல்லச் சொல்லப் புகாரை எழுதி வாங்குகிற வேலை. டவுனில் நடந்த ஒரு மேற்கத்திய இசைக் கச்சேரிக்குப் பந்தோபஸ்துக்குப் போனவர், கதவோரம் நின்று முழுவதையும் கேட்டிருக்கிறார். நாற்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, சென்னையில் ஒருவரிடம் குரல் பயிற்சிக்குப் போனார். பிறகு அதுவே தொழிலாயிற்று.

அவருடையது டெனர், ஆண் குரல்களில் உயரத்துக்குப் போகிற குரல். போலீஸ்காரர் பாடினால் இடி இடிக்கும் என்று நினைத்து வந்தவர்கள் திகைத்துப்போவார்கள். அவர் வீட்டில் பயிற்சி செய்ய ஆரம்பித்த புதிதில் எதிர்வீட்டுக்காரர் வந்து, "இன்னா ஏட்டு, வூட்ல யாரோ பொம்பள கத்தறா மாதிரி கேக்குது, எதுனா பிரச்சனையா?" என்று விசாரித்தாராம். "நான்தாம்பா கத்தறேன். கம்ப்ளெய்ன்ட் குடுக்கறியா, எழுதிக்கறேன்" என்றாராம் இவர்.

ஏன் வேலையை விட்டார் என்பதற்குச் சாவு வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். முட்டி வலி என்றார் கூட வேலை பார்த்தவர். மேலதிகாரியோடு தகராறு என்றார் ஒன்றுவிட்ட தம்பி. என்னிடம் அவர் சொன்னது வேறு. "ஸ்டேஷன்ல நான் வாயத் தொறந்தா எதிர்ல நிக்கறவன் கை நடுங்கும்மா. நடுங்காம எவனாவது என் கொரலக் கேப்பானான்னு பாக்கணும்னு இருந்திச்சு." எது உண்மை என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாமே உண்மையாகவும் இருக்கலாம்.

நான் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லித்தருகிறவள். அவருக்குப் பிரெஞ்சு படிக்க வராது. நான் பாட்டு வரிகளைச் சொல்ல, அவர் புகார் எழுதுவதுபோலத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வார். சிக்கலெல்லாம் ப-வில்தான்; தமிழில் ஒரே எழுத்து, பிரெஞ்சில் இரண்டு ஒலி, இரண்டு எழுத்து. "பம்பரத்துல மொத ப-வா, ரெண்டாவதா டீச்சரம்மா?" என்று கேட்பார். இரண்டாவது என்றால் நான் பச்சைப் பேனாவால் அடியில் ஒரு கோடு போடுவேன். கடைசியில் முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டுவார். பக்கத்தின் கீழே, ஸ்டேஷன் வழக்கப்படி, "படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருந்தது" என்று எழுதி, என்னிடம் சுருக்கொப்பம் வாங்குவார். எதையாவது அடித்துத் திருத்தினாலும் அப்படித்தான். "அடிச்சவன் பக்கத்துல ஒப்பம் வெக்கணும்மா. இல்லன்னா யாரு மாத்துனதுன்னு கடைசி வரிக்கும் தெரியாது."

ஒரு வருடம், டவுனில் ஆண்டுதோறும் நடக்கிற பெரிய கச்சேரியில் தனிப்பாட்டு கிடைத்தது. அவருக்கு வெகுநாள் ஆசை. இன்றைக்கான ரொட்டியைத் தா என்று கடவுளிடம் கேட்கிற பிரெஞ்சுப் பாட்டு. ரொட்டிக்கு அந்த மொழியில் 'பேன்', பம்பரத்தின் முதல் ப. இரண்டாவது ப-வைப் போட்டால் குளியல் என்றாகிவிடும். வீட்டில் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டுக் கலாவதியம்மா, "இன்னா பக்கம் பூரா பேன் பேன்னு எழுதி வெச்சிகீறே, தலைய சீவினு பாடேன்" என்பார்.

அதை எழுதிய அன்று எனக்கு விடைத்தாள் திருத்தும் அவசரம். அவர் படித்துக் காட்ட ஆரம்பித்தார். "வேணாம் சார், நான் பாத்துட்டேன்" என்று சொல்லி ஒப்பம் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

கச்சேரியில் அந்தச் சொல்லில்தான் உச்சம். குரலை மேலே கொண்டுபோய் நிறுத்தி, கடவுளிடம் அவர் குளியலைக் கேட்டார். முன்வரிசையில் பிரெஞ்சு தெரிந்த பெரியவர் ஒருவர் சிரித்தார். பிறகு அந்த வரிசையே சிரித்தது. அந்த வரி மூன்று முறை வரும். மூன்று முறையும் அவர் எழுதியிருந்தபடியே முழுக் குரலில் பாடினார். முடிந்ததும் ஏற்பாட்டாளரிடம், "தப்பு என்னுது சார். கிராமத்து நாக்கு" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அடுத்த வருடம் தனிப்பாட்டு வேறொருவருக்குப் போயிற்று. இவர் பின்வரிசையில் கூட்டத்தோடு நின்று பாடினார்.

அதன் பிறகும் பாட்டு எழுத என்னைத்தான் கூப்பிட்டார். ஆனால் ஒப்பம் கேட்கவில்லை. "போதும்மா" என்று நோட்டை மூடிவிடுவார். கோபமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் ஒப்பம் கேட்காமல் விட்டது எனக்கு வசதியாகவும் இருந்தது.

கருமாதி அன்று கலாவதியம்மா நோட்டுகளை என் கையில் கொடுத்தார். "எனக்கு ஒண்ணும் புரியலம்மா. நீயே எடுத்துக்கினு போ." அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். முதல் ப-வாக இருக்க வேண்டியதன் அடியில் என் பச்சைக் கோடு அப்படியே இருந்தது. கீழே என் சுருக்கொப்பத்தின் குறுக்கே நேராக ஒரு நீலக் கோடு. பக்கத்தில் அவருடைய ஒப்பம். தேதி இல்லாமல் எதையுமே எழுதாதவர், அங்கே தேதி போடவில்லை.

பழி என்மேல் விழக் கூடாது என்று அடித்தாரா? என் கையெழுத்து இனி செல்லாது என்று அடித்தாரா? கலாவதியம்மாவிடம் காட்டினேன். "இதுவா? கச்சேரிலேருந்து வந்ததும் அடிச்சாரு. சிரிச்சினே அடிச்சாரு" என்றார். நான் மூச்சு விட்டேன். "அப்பறம் சாப்புடாம படுத்துட்டாரு" என்றார்.

அன்று முன்வரிசையில் சிரித்தவர்கள் யாராவது இதை வாசித்தால் தெரிந்துகொள்ளுங்கள்: அவர் நாக்கில் பிழையில்லை. கோடு போட்டது நான்.

அந்தப் பக்கம் மட்டும் இப்போது என் மேசையில் இருக்கிறது. கீழே மறுபடி என் ஒப்பத்தை வைக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். ஏட்டு அடித்ததைத் திருத்தினால் யார் ஒப்பம் வைக்க வேண்டும் என்று தெரியவில்லை. அவரைத்தான் கேட்க வேண்டும்.