ஓவராலை உதறியவள்

புல் வெட்டிக்கொண்டிருந்த என் கணவர் குணா, பாதியில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அதன் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். த்ரீ கிங்ஸ் என்ற இந்தப் புறநகரில் எங்கள் வீட்டுப் புல்வெளி நாலு பாய் விரிக்கிற அளவுதான். "அதுக்குள்ள களைப்பா?" என்று சன்னல் வழியாகக் கேலி செய்தேன். அவர் கையை மட்டும் அசைத்தார். பேச மூச்சில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்றார்கள். ஊசி குத்தி வடித்தார்கள். வைக்கோல் நிறத்தில் அது குப்பியில் இறங்கியதைப் பார்த்து, இனிச் சரியாகிவிடும் என்று நம்பினேன். நீர் மறுபடியும் சேர்ந்தது. பிறகு பயாப்சி (சதையைக் கிள்ளி எடுத்துச் சோதிப்பது). முடிவைச் சொல்ல வந்த டாக்டர் நாற்காலியை எங்கள் அருகில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

மீசோதீலியோமா (நுரையீரலைப் போர்த்தியிருக்கும் சவ்வில் வரும் புற்றுநோய்). குணப்படுத்த முடியாது, கொஞ்சம் தள்ளிப்போட முயலலாம் என்றார். எங்காவது ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) தூசில் வேலை செய்தாரா என்றும் கேட்டார்.

குணா பக்கத்துப் புறநகரான ஒனிஹங்காவில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை கசங்காத வேலை. இல்லை என்று தலையாட்டப் போனவர், பாதியில் நிறுத்தி, "கப்பல்" என்றார்.

மலேசியாவிலிருந்து இங்கே வந்து குடியேறிய பின் (பேச்சில் அந்த ஊர் 'லா' இன்னும் போகவில்லை) அவர் இந்த நாட்டுக் கடற்படையின் பகுதிநேரப் பிரிவில் சேர்ந்தார். வார நாளெல்லாம் கணக்கர், சனி ஞாயிறு மாலுமி. நான் அவரை "வீக்கெண்ட் அட்மிரல்" என்றுதான் கூப்பிடுவேன். அட்மிரலுக்குக் கிடைத்த வேலையோ, ஒரு பழைய கப்பலின் கொதிகலன் அறையில் குழாய்களைச் சுற்றியிருந்த கல்நார் உறையைப் பிய்த்தெடுப்பது. அது வெள்ளையாக உதிருமாம். அந்தத் தூசு உள்ளே போய், இத்தனை வருடம் சும்மா இருந்துவிட்டு, இப்போது வேலையைக் காட்டுகிறது. எங்கள் மகள் வளர்ந்து கல்யாணமாகிப் போகிறவரை அது எங்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறது என்று நினைத்தால் உடம்பு கூசுகிறது.

இதே நோய் வந்த வீட்டாருக்கு ஒன்று சொல்வேன். இழப்பீடு கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள். நோயாளிக்குப் பேசத் தெம்பு இருக்கும்போதே அவர் வாயால் சொல்ல வையுங்கள். கடற்படை வீரர்களுக்கான இழப்பீட்டு அலுவலகத்திலிருந்து எங்களுக்கு முதலில் மறுப்புதான் வந்தது. முழுநேர வீரர் இல்லை, அந்த அறையில் வேலை பார்த்ததற்குப் பதிவும் இல்லை என்றார்கள். கூட வேலை செய்த இருவரும் இறந்துபோயிருந்தார்கள். எதனால் இறந்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. பயமாக இருந்தது.

வக்கீல் தர்ஷினி யாழ்ப்பாணத்துப் பெண். வீட்டுக்கே வந்தாள். குணாவுக்கு மூச்சு வாங்கியதால் என்னிடம் திரும்பினாள்.

"அக்கா, இவர் வேலை முடிஞ்சு வரேக்க உடுப்பு எப்பிடி இருக்கும்?"

"ஓவரால் முழுக்க வெள்ளையா இருக்கும்மா. மாவு மில்லுலேருந்து வந்த மாதிரி."

"ஆர் தோய்க்கிறது?"

"நான்தான். மொதல்ல கராஜ்ல நின்னு நல்லா உதறிடுவேன். கதவ சாத்திக்கிட்டு. இல்லன்னா தூசி வீட்டுக்குள்ள வந்துரும்ல, புள்ள தூங்கிட்டு இருப்பா."

தர்ஷினி எழுதுவதை நிறுத்தினாள். "இது எங்களுக்குப் பெரிய சாட்சி அக்கா" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்கள் உங்கட நெஞ்சை ஒருக்கா படம் எடுத்துப் பாத்தனீங்களோ?" என்று கேட்டாள்.

எனக்கு உடனே புரியவில்லை. குணாவுக்குப் புரிந்துவிட்டது.

"வேணாம் லா, அத எழுதாதீங்க" என்றார். "கேஸ் போனா போவட்டும். விஜயா எதையும் உதறல."

அவர் இப்படிப் பச்சையாகப் பொய் சொல்லி நான் கேட்டதேயில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார். நான் உதறிய தூசு என் நெஞ்சுக்குள்ளும் போயிருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோபமும் வந்தது. வீட்டுக்கே வந்து பார்க்க ஒரு நர்ஸ் வேண்டும், அவருக்குப் பின் நான் இந்த வீட்டில் இருக்க ஒரு வழி வேண்டும். வேறு சாட்சி யார் இருக்கிறார்கள்?

"நான்தாம்மா உதறுனேன். எழுதிக்கோ."

குணா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. தர்ஷினி எழுதி முடிக்கும்வரை நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

கோரிக்கை ஏற்கப்பட்டது. இப்போது ஒரு நர்ஸ் வந்து போகிறாள். எனக்கு வந்தாலும் இழப்பீடு கிடைக்குமா என்று தர்ஷினியிடம் கேட்டேன். அவள் பேச்சை மாற்றினாள். மகள் ஷாலினி, "ஐ'ம் நாட் ஆஸ்கிங், அம்மா" என்று, மறுக்க இடம் கொடுக்காமல் என்னை ஸ்கேனுக்கு இழுத்துப் போனாள். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, வருடா வருடம் வாருங்கள் என்றார்கள். அந்த "இப்போதைக்கு" என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

மூச்சு என்பது நான் கவனிக்காத ஒன்றாக இருந்தது. இப்போது படியேறும்போது ஒவ்வொரு மூச்சையும் எடுத்துப் பார்க்கிறேன். முடிந்துபோயின என்று நான் நினைத்த, ஓவரால் உதறிய ஞாயிற்றுக்கிழமைகள் இனிமேல்தான் வரப்போகின்றன என்றுகூடத் தோன்றுகிறது.

எனக்கு லேசாகச் சளி பிடித்தாலும், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருக்கும் குணா தலையைத் தூக்கி என்னையே பார்க்கிறார். அதனால் இருமல் வந்தால் குளியலறைக்குப் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு இருமுகிறேன்.