கைப்பிடியில் ரெண்டாவது ஆள்

கொலைகாரனைவிட சொந்தக் கையைப் பார்த்துப் பயப்படுகிற உத்தியோகம் எங்களுடையது. தொட்ட பொருளில் ஒட்டியிருக்கும் தோல் செல்லை எடுத்து, டி.என்.ஏ. பார்த்து, தொட்டது யாரென்று சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் குப்பை கொட்டும் உங்களுக்கும் இது நடந்திருக்கும், வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள்.

மூக்குக் கண்ணாடி

லால்குடியில் ஒரு பெண்ணைத் தள்ளிக் கொன்றுவிட்டுக் கைப்பையைப் பறித்துப் போயிருந்தார்கள். புதரில் கிடைத்த பை திருச்சியில் என் மேஜைக்கு வந்தது. கையுறை, முகமூடி எல்லாம் சரி. ஆனால் நழுவுகிற கண்ணாடியை உறை போட்ட விரலாலேயே தள்ளிவிடும் சனியன் பிடித்த பழக்கம் எனக்கு. பக்கத்து மேஜை மாலதி பார்த்துவிட்டாள்.

"உறைய மாத்துக்கா, கண்ணாடி பூரா உன் மூஞ்சிதான் ஒட்டியிருக்கு."

கூட்டாளி

மாற்றினேனா? சத்தியமாக ஞாபகமில்லை. கைப்பிடியில் அந்தப் பெண்ணைத் தவிர ரெண்டு பேர் தெரிந்தார்கள். ஒருவர் போலீஸ் பிடித்து வைத்திருந்த பஸ் கண்டக்டர். அந்தப் பெண்ணுக்குப் பையை இறக்கிக் கொடுத்ததோடு சரி என்று அழுதாராம். இன்னொருவர் யாரோ. எங்கள் ஊழியர்களின் மாதிரியோடு ஒப்பிடுவதற்கு முன்பே, அவசரக்குடுக்கை நான், இன்னொரு ஆளும் இருக்கிறான் என்று இன்ஸ்பெக்டரிடம் ஃபோனில் உளறிவிட்டேன்.

"கூட்டாளி யாருன்னு அவன் வாயாலயே வரவழைச்சிடறோம் மேடம், நீங்க நிம்மதியா இருங்க."

ஒப்பீடு

நிம்மதியாவது! சாயங்காலம் ஒப்பிட்டேன். அந்த ரெண்டாவது ஆள் நான்தான். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால், இல்லாத கூட்டாளியின் பெயரைக் கேட்டு ஒரு மனுஷனை அடித்தே கொன்றுவிடுவார்கள். பாத்ரூமில் தோல் எரியும்வரை கை கழுவினேன். பிறகு மேலதிகாரி முன்னால் போய்க் காகிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு ஃபோனை என் பக்கம் தள்ளினார்.

"முதல்ல ஸ்டேஷனுக்குச் சொல்லும்மா, உன்னைத் திட்டறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு."

இறங்கும் இடம்

உண்மையான ஆள் கடைக் கேமராவில் சிக்கினான், கையில் உறையோடு. எனக்கு மெமோவோடு போயிற்று. ஒரு மாதம் கழித்து லால்குடி பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் கொடுத்தவர் அந்தக் கண்டக்டரேதான், ஃபைலில் பார்த்த முகம். இடது கையில் ரெண்டு விரலுக்குக் கட்டு. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. சமயபுரத்துக்கு வண்டி மாற இறங்குகிற அம்மா ஒருத்தி மூட்டையை இறக்கித் தரச் சொன்னாள். சட்டென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீங்களே இறக்கிக்கங்கம்மா, நான் யாரு பையையும் தொடறதில்லைங்க."

அந்த மூட்டையை நான்தான் இறக்கி வைத்தேன். அது எந்த வழக்கிலும் என் மேஜைக்கு வந்துவிடக் கூடாது தாயே என்று மாரியம்மனை இன்றுவரை வேண்டிக்கொண்டிருக்கிறேன்.