அத்தானின் சிபாரிசு

வீட்டில் அவளைத் துருவி என்றுதான் கூப்பிடுவார்கள். கடையில் தராசு முள் நிற்கும்வரை கண்ணை எடுக்கமாட்டாள். டாக்டர் எழுதும் மாத்திரை எதற்கென்று கேட்காமல் எழுந்திருக்கமாட்டாள்.

மெக்கானிக் படிப்பு முடித்த கையோடு இரண்டு இடத்தில் தேர்வானாள். ஒன்று விமானப்படை. இன்னொன்று பயணிகள் விமானங்களைப் பழுதுபார்க்கும் தனியார் கம்பெனி. இரண்டுமே அப்ரண்டிஸ் வேலை. எதுவென்று அந்த வாரத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

அம்மா போனபின் அவள் அக்கா வீட்டில் இருந்தாள். அப்பா நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர், வீடு தங்கமாட்டார். அக்காவின் கணவருக்கு அதே தனியார் கம்பெனியின் உதிரிபாகக் கிடங்கில் வேலை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் மனிதர், திடீரென்று சாப்பிடும்போதெல்லாம் கம்பெனிப் புராணம் பாட ஆரம்பித்தார்.

"எங்க கம்பெனிலயே சேந்துடும்மா. நான் இருக்கேன்ல."

"அத்தான், போன மாசம் வரைக்கும் எப்போ கேட்டாலும் அந்தக் கம்பெனிய திட்டுவீங்களே நீங்க?"

"அது அப்போ," என்றார் தட்டைப் பார்த்தபடி.

அந்த 'அப்போ' அவளுக்கு உறுத்தியது. யாருக்காவது வாக்குக் கொடுத்துவிட்டாரோ? ஆள் பிடித்துத் தந்தால் பதவி உயர்வு என்று ஆசை காட்டியிருக்கிறார்களோ?

கம்பெனியை நேரில் பார்க்கப் போனாள். விமானக் கொட்டகையின் தரையில் முகம் பார்க்கலாம். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. சுற்றிக் காட்டியவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

"போன தடவை சேந்த அப்ரண்டிஸ்கிட்ட கொஞ்சம் பேசலாமா சார்?"

"ஷிஃப்ட்ல இருப்பாங்க. இங்க எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரிம்மா."

வேலை நடக்கிற இடம் இப்படியா இருக்கும் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

விமானப்படையில் பேசியவர் சிரிக்கவே இல்லை. "பாதியில விட்டுட்டுப் போக முடியாது. லீவு நீ கேக்கறப்போ கிடைக்காது. வெளிய போனா, பயணிகள் விமானத்துல வேலை செய்யறதுக்கான லைசென்ஸ் பரீட்சைய முதல்லேர்ந்து எழுதணும்."

கெட்டதையே இவ்வளவு சொன்னால், சொல்லாமல் விட்டது எவ்வளவோ என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அங்கே ஒரு போர்விமானத்தின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, விரலாலேயே எதையோ தேடிக்கொண்டிருந்தாள் ஒரு மெக்கானிக். போகச் சொல்லும்வரை துருவி அங்கேயே நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் போனாள். அக்கா ஆறு மாதக் கர்ப்பிணி. துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான பேசச் சொன்னது யாரு?"

அக்கா ஒரு துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "நான்தான்."

"ஏன்?"

"போன தடவை வயித்துல நிக்காமப் போச்சே, அப்போ நீதானே கூட இருந்த. இவருக்கு நைட் ஷிஃப்ட். நீ ஏர்ஃபோர்ஸ் போயிட்டா இந்தத் தடவை யாரு இருப்பா?"

"என்கிட்டயே சொல்றதுக்கு என்ன?"

"நான் சொன்னா எனக்காக இருந்துடுவ. பின்னாடி அது உனக்குக் குத்தும். அவர் சொன்னா, வேலைக்காக இருந்த மாதிரி ஆயிடும்."

துருவிக்குக் கோபம் வரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. மறுநாள் விமானப்படைக்குச் சரியென்று சொல்லிவிட்டு, அத்தானிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "பகல் ஷிஃப்ட் கேட்டுப் பாத்தீங்களா?"

அவர் கேட்டதே இல்லை. கூச்சம். மறுவாரம் போய்க் கேட்டார், கொடுத்துவிட்டார்கள்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. துருவிக்கு லீவு கிடைக்கவில்லை, போனில்தான் பார்த்தாள். நேரில் வந்தபோது சீருடையைப் பார்த்துக் குழந்தை வீறிட்டழுதது. அப்போதுதான் அத்தான் சொன்னார்: அவள் கொட்டகையைப் பார்க்கப் போன நாளுக்கு மறுநாள் கம்பெனியில் ஆய்வு, அதனால்தான் அவ்வளவு சுத்தம். அங்கே சேர்ந்தவர்கள் எல்லாரும் நன்றாகவே இருக்கிறார்கள்.

"வீணா சந்தேகப்பட்டுட்டியே," என்றாள் அக்கா.

"ஆமா. ஆனா நான் அங்க சேராததுக்கு அது காரணமில்ல."

இப்போது அவள் இன்ஜின் பிரிவில் இருக்கிறாள். அக்கா போனில் குழைந்தால், "என்ன வேணும், நேரா சொல்லு" என்பாள். போன வாரம் அக்கா, "ஒண்ணும் வேணாம்டி, சும்மா கூப்பிட்டேன்" என்றாள். விஷயம் பின்னால் வரும் என்று துருவி காத்திருக்கிறாள். இன்னும் எதுவும் வரவில்லை.