எட்டுச் செலவும் திறப்புகளும்

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ஒருவர் இறந்த எட்டாம் நாள் ‘எட்டுச் செலவு’ என்னும் சடங்கு நிகழும். மறைந்தவர் விரும்பி உண்டவற்றையெல்லாம் சமைத்து, அவர் படத்தின் முன் இலை விரித்துப் படைப்பர். அவர் மது அருந்துபவராயின் ஒரு போத்தலையும் திறந்து வைப்பர். பின்னர் அதனை உறவினரும் நண்பரும் பகிர்ந்து குடிப்பர். இத்தாலியின் பலெர்மோ நகருக்கு நாங்கள் வந்தபோது இவ்வழக்கமும் எங்களுடன் வந்தது. வாழையிலை கிட்டாத நாள்களில் வெள்ளித்தாளை விரித்தேனும் அதனைக் காத்து வருகிறோம்.

இந்நகரின் ஒரேத்தோப் பகுதியில் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருந்த இளைஞன் சென்ற ஆண்டு இறந்தான். அருகிலுள்ள கால்சாப் பகுதியில் ஓர் உணவகத்துச் சமையற்கூடத்தில் வேலை செய்தவன். படியில் கண்டால் என் பையை வாங்கிச் சுமந்து வருபவன். அயலூரான பகேரியாவில் நண்பர் வீட்டுப் பிறந்தநாள் விருந்துக்குத் தனியே சென்று, மாலையில் உந்துருளியில் திரும்பும்போது வளைவொன்றில் மதிலுடன் மோதினான். எதிரே எவ்வண்டியும் வரவில்லை. குருதியில் மது மிகுந்திருந்ததென மருத்துவர் கூறினார். மொழிபெயர்த்துச் சொல்வதற்கென்று அவன் மனைவியின் அருகில் நான் நின்றிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. அனைத்தும் அவளுக்கு விளங்கியிருந்தது. அவன் முழங்கையில் ஒரு கீறலும் இல்லை. இந்நகரத்து இளைஞர் பலரைப் போலத் தலைக்கவசத்தை அவன் அங்கேதான் மாட்டியிருந்தான்.

எட்டாம் நாள் பிற்பகலில் பதிகம் ஓதுவதற்கு, இங்குள்ள பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் என்னை அழைத்திருந்தார்கள். வாசலில் உந்துருளிகள் நெருங்கி நின்றன. அவனுடைய தமையனார் போத்தலுடன் வந்தார். கால்சாவில் முதியவர் ஒருவரைப் பராமரிக்கும் பணியில் இருப்பவர். இந்நகரில் அவளுக்கென எஞ்சியிருந்த ஒரே உறவினர். போத்தலை அவளிடம் நீட்டினார்.

“இதை வைக்காட்டி அவன்ர ஆத்மா அலையும் பிள்ளை.”

அவள் மறுப்பாள் என்றே நான் எண்ணினேன். அவளோ அதனை வாங்கித் திறந்து, ஒரு குவளையில் ஊற்றி, இறால் குழம்புக்கு அருகில் வைத்தாள். நான் ஓதி முடித்தேன். இறந்தவர் வந்து உண்ணட்டும் எனச் சிறிது நேரம் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பது முறை. ஆதலால் எல்லோரும் படிக்கட்டில் நின்றோம்.

“றோட்டிலை எண்ணெய் சிந்திக் கிடந்ததாம்,” என்றான் நண்பன் ஒருவன்.

“எண்ணெய் என்ன எண்ணெய். அவன்ர விதி முடிஞ்சுது,” என்றார் தமையனார்.

“மாஸ்டரும் இண்டைக்கு ஒரு சொட்டு எடுக்கோணும். தமிழ் இன்னும் சுத்தமா வரும்!” என்று மற்றொருவன் என்னைச் சீண்டினான். துக்க வீட்டுக்கே உரிய அடங்கிய சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன்.

சிறிது நேரம் கழித்து அவள் கதவைத் திறந்தாள். தமையனார் உள்ளே சென்று போத்தலை நோக்கிக் கை நீட்டினார். அவள் இடையில் வந்து நின்றாள்.

“அத்தான், தம்பிக்காக நீங்கள் குடிக்கிறதை மறிக்க எனக்கு உரிமையில்லை. குடியுங்கோ. ஆனா குடிக்கிற ஆள் மொத்தோரினோத் திறப்பை இந்த இலையிலை வைக்கோணும். நாளைக்கு வந்து எடுங்கோ.” மொத்தோரினோ என்பது இவ்வூரார் உந்துருளிக்கு வழங்கும் பெயர்; திறப்பு எங்கள் பேச்சில் சாவி.

“குவெஸ்தூராப் பொலிசிலை கூட இப்பிடிப் புடுங்கிறேல்லையே அக்கா!” என்றான் எண்ணெய்க் கதை சொன்னவன்.

“நாங்கள் செத்தாப் பிறகுதான் அவையள் கேப்பினம்,” என்றாள்.

 தமையனாரின் முகம் கறுத்தது. “ஒரு கிளாஸ்தானே பிள்ளை. எனக்கு ஒண்டும் செய்யாது.”

“அதை அவரின்ர படத்தைப் பாத்துச் சொல்லுங்கோ.”

அவர் படத்தைப் பார்க்கவில்லை. “நடந்தது விதி. அதுக்கு ஏன் எங்களை மறிக்கிறாய்? இத்தனை பேருக்கு முன்னாலை என்னை அவமானப்படுத்தவோ கூப்பிட்டனி?”

அவர் சினந்து வெளியேறினால், அடுத்த மாத வாடகை முதல் அவள் மகளின் பள்ளிக்கூட அலுவல் வரை துணைக்கு ஒருவரும் இரார். அங்கிருந்த அனைவரும் அதனை அறிவர். அவளும் அறிவாள். எனினும் குரலை உயர்த்தாமலே பேசினாள்.

“விதியில்லை அத்தான். குடிச்சுப்போட்டு வண்டி ஓடினவர். மேசையிலை கிடந்த திறப்பை எடுத்து அவரின்ர கையிலை குடுத்தது நான். அங்கை போய்க் குடிப்பாரெண்டு தெரிஞ்சுதான் குடுத்தனான். விதியெண்டா எனக்கும் சுகந்தான், இரவிலை நித்திரை வரும். ஆனா அப்பிடிச் சொல்லிப்போட்டு உங்களையும் இப்ப அனுப்பினா, பிறகு எனக்கு இஞ்சை ஆர் இருக்கினம்?”

 எத்தனையோ துக்க வீடுகளில் ஓதியிருக்கிறேன். இறந்தவன் செய்த பிழையை அவன் இலைக்கு முன் நின்று உரைத்தவர் எவரையும் கண்டதில்லை. இவளோ தன் பங்கையும் உடன் எடுத்து வைத்தாள். நாங்கள் அனைவரும் அடியில் ஒதுங்கி நின்ற ‘விதி’ என்னும் அந்த ஒற்றைச் சொல்லை விட்டு அவள் தனியே வெளியே வந்து நின்றாள். 

 தமையனார் காற்சட்டைப் பையிலிருந்து திறப்பை எடுத்து இலையின் ஓரத்தில், சோற்றில் படாதவாறு வைத்தார். படையற் குவளையை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு அழுதார். அவருக்குப் பின் சிலர் திறப்பை வைத்தனர். சிலர் குடியாமல் கோப்பி கேட்டனர். எவரும் முகம் சுளிக்கவில்லை.

வெயில் தணியும் வேளையில் திறப்பை வைத்தவர்கள் இறங்கிச் சென்றதை மேல்மாடத்தில் நின்று பார்த்தேன். கடைத்தெருவுக்கும் உந்துருளியில் போகின்றவர்கள் நடந்து போனார்கள். வளர்ந்த ஆண்கள், கைகளை என்ன செய்வதென்று அறியாதவர்களாய், தங்கள் வண்டிகளைக் கடந்து சென்றார்கள். கோவிலில் தேர் வலம் வரும்போது எனக்குள் எழும் உணர்வே அப்போதும் எழுந்தது.

தமையனார் மட்டும் தெருமுனையிலிருந்து திரும்பி வந்தார். திறப்பைக் கேட்கத்தான் வருகிறார் என்று அஞ்சினேன். அவள் வாசலுக்கு வந்தாள்.

“பிள்ளை, கால்சாவுக்கு எந்த பஸ் போகும்? நான் பஸ்ஸிலை ஏறி வருசக் கணக்காச்சு.”

“நடவுங்கோ அத்தான், கிட்டத்தானே. நல்ல காத்துப் படும்.”

“ஓம், நடக்கிறன்,” என்றார் அவர். நடந்தார்.