இடமிருக்கு அக்கா

எங்கள் கடையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'இடமிருக்கு அக்கா' என்றுதான் சொல்வோம். கட்டில், மேசை, அலமாரி விற்கிற கடை எங்களுடையது. நான் கீழே பில் போடுகிறவள். அவள் மாடியில் நின்று பேசி விற்கிறவள். மாடிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே புலம்பலைத்தான் கொண்டு வருவார்கள். பிள்ளைக்கென்று ஓர் அறை இருக்கிறது, ஆனால் கையை நீட்டினால் சுவர் இடிக்கிறது, இதில் கட்டிலை எங்கே போடுவது, புத்தகத்தை எங்கே அடுக்குவது என்பார்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இடமிருக்கு மேடம்" என்பாள். நேரில் போய் அளந்து பார்த்தவள் மாதிரி அவ்வளவு நிச்சயமாகச் சொல்வாள்.

அதற்கென்றே மாடி மூலையில் மாதிரி அறை ஒன்று அமைத்திருக்கிறாள். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைக்கான அறை. உண்மையில் அது ஒரு பெரிய குளியலறை அளவுதான், ஆனால் உள்ளே நுழைந்தால் அப்படித் தெரியாது. சுவருக்கு வெளிர் நிறம். திரையை ஜன்னலுக்கு மேலே மாட்டாமல் கூரையை ஒட்டி மாட்டித் தரைவரை தொங்க விட்டிருப்பாள். சுவர் உயரமாகத் தோன்றும். ஜன்னலுக்கு எதிரே ஆளுயரக் கண்ணாடி. மேசைக்கு மெல்லிய கால்கள், ஏனென்றால் தரை எவ்வளவு கண்ணில் படுகிறதோ அவ்வளவு பெரிதாக அறை தெரியுமாம். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக, எதை வைக்கலாம் என்று யோசிக்காதீர்கள், எதை எடுக்கலாம் என்று யோசியுங்கள் என்பாள். சாமான் விற்கிற கடையில் நின்றுகொண்டு சாமானைக் குறைக்கச் சொல்கிறாளே என்று முதலாளிக்கு உள்ளூர எரிச்சல். ஆனால் விற்பனையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதால் வாயைத் திறக்க மாட்டார்.

அவள் வீட்டில் ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு படுக்கையறை. இருப்பது அவளும் மகளும். கணவன் என்று ஒருவன் இருந்தான். செத்துப் போகவில்லை, போய்விட்டான். மகளுக்குப் பதினாறு வயது. இவளுக்கு அவள் இன்னும் 'பாப்பா'தான். அந்தப் பாப்பா அம்மாவைவிட அரை அடி உயரம். அவள் பிறந்ததிலிருந்து இருவரும் ஒரே இரட்டைக் கட்டிலில் படுத்தார்கள். தூக்கத்தில் காலைத் தூக்கி என் மேலே போடுகிறாள், போர்வையை உருவிக்கொள்கிறாள் என்று கடைக்கு வந்து குறை சொல்வாள். சொல்லும்போது முகத்தில் குறையே இருக்காது.

ஒருநாள் அந்தப் பெண் குண்டைத் தூக்கிப் போட்டாள். அடுத்த வருடத்திலிருந்து பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறாளாம். சண்டை எதுவும் இல்லை. சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாளாம்: "அங்க எனக்குன்னு ஒரு மூலையாவது இருக்கும்மா. இங்க இந்தப் பக்கம் திரும்பினா உன் பீரோ, அந்தப் பக்கம் திரும்பினா உன் மிஷின்."

நானாயிருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இவள் மறுநாள் வெளிறிய முகத்தோடு வந்து, பாப்பா சொல்வதும் நியாயம்தான் என்கிறாள். ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் இடம் கண்டுபிடித்துக் கொடுக்கிறேன், என் பிள்ளைக்குச் செய்யவில்லையே என்று தன் தலையிலேயே போட்டுக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: மகள் வீட்டை விட்டுப் போகக் கூடாது. அறை விசாலமாகிவிட்டால் மகள் இருந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டாள். ஏற்கெனவே அவளுக்கு ரொம்பத்தான் இடம் கொடுத்து வைத்திருக்கிறாய் என்றேன். அதற்கு அவள் சொன்னாள்:

"இடம்தானே கேக்குறா. குடுக்கறேன்."

வார விடுமுறையில் நானும் ஒத்தாசைக்குப் போனேன். சுவருக்கு அம்மாவும் மகளும் சேர்ந்து வெளிர் நிறம் அடித்திருந்தார்கள். திரையை அவளே தைத்தாள். தைத்து முடித்ததும் தையல் மிஷின் சமையலறை மூலைக்குப் போனது. பீரோவை நாங்கள் இருவரும் மூச்சு வாங்க நகர்த்திக் கூடத்துக்குக் கொண்டு வந்தோம். ஜன்னல் திட்டில் இருந்த அவளுடைய தைல பாட்டில், சீப்பு, மூக்குக் கண்ணாடிக் கூடு எல்லாம் ஒரு பையில் ஏறின. கண்ணாடியை மாட்டத்தான் சுவர் இல்லை. ஜன்னலுக்கு நேர் எதிரே கதவுதான் இருந்தது. அவள் யோசித்துவிட்டுக் கதவின் உள்பக்கத்திலேயே கண்ணாடியை ஒட்டிவிட்டாள். கதவைச் சாத்தினால் ஜன்னல் வெளிச்சம் இரண்டு மடங்காகும், அறையும் இரண்டு மடங்காகும் என்று காட்டினாள். நானே அசந்துவிட்டேன்.

அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல முடியாது. பாடிக்கொண்டே தரை துடைத்தாள், எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள், அம்மாவின் மூக்கில் ஒட்டியிருந்த பெயிண்டை விரலால் சுரண்டிவிட்டாள். கடைசியில் மூன்று பேரும் வாசலில் நின்று பார்த்தோம். எங்கேயோ இன்னும் இடித்தது. அவள் கடைக் குரலில் மகளைக் கேட்டாள்:

"சொல்லுங்க மேடம், இன்னும் எதை எடுக்கலாம்?"

மகளும் விளையாட்டில் சேர்ந்துகொண்டாள். "கட்டில்தாங்க. பாதி ரூமை அதுதான் அடைச்சிட்டு நிக்குது. ஒரு ஆள் படுக்கிற மாதிரி சின்னதாப் போட்டா எவ்ளோ இடம் கிடைக்கும்!"

அவள் கட்டிலை மட்டும்தான் சொன்னாள். கட்டிலோடு யார் வெளியே போவார்கள் என்பது சத்தியமாக அந்தப் பெண்ணின் மனதில் வரவில்லை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். இவள் முகத்தில் அந்தக் கடைச் சிரிப்பு அப்படியே நின்றது.

"கரெக்டாச் சொன்னீங்க மேடம்."

அடியில் இழுப்பறை வைத்த ஒற்றைக் கட்டில் வந்தது. இரட்டைக் கட்டிலை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் கூடத்தில் பீரோவுக்குப் பக்கத்தில் மெத்தையை விரித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உன்னைத்தானே அப்புறப்படுத்தியிருக்கிறாய் என்று பில் போடுவதை நிறுத்திவிட்டுத் திட்டினேன். விடுதியில் இருப்பதைவிடச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது மேல் இல்லையா என்று திருப்பிக் கேட்டாள். அவள் நினைத்தது நடக்கவும் செய்தது. மகள் விடுதிப் பேச்சை விட்டுவிட்டாள். அன்றைக்கு இவள் கடையில் முதலாளி முதல் வேன் டிரைவர் வரை எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தாள், என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம் மழுப்பினாள்.

பிறகு இவள் கொஞ்சம் கொஞ்சமாக மாறிப்போனாள். மகள் பள்ளி விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொள்கிறாளாம். திறந்தால் கண்ணாடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடும், அறை மறுபடியும் பொந்தாகிவிடும். ஒட்டினவள் இவள்தானே, என்னவென்று சொல்ல முடியும்? உள்ளே தோழிகளோடு போனில் பேசுகிற சத்தம் கேட்குமாம், சிரிப்புக் கேட்குமாம், எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாதாம். முன்பெல்லாம் படுத்துக்கொண்டே பள்ளிக் கதை முழுவதும் சொல்லிவிட்டுத்தான் தூங்குவாளாம். பேச்சுப் போட்டியில் மகள் ஜெயித்த செய்தியை எதிர்வீட்டுக்காரி சொல்லித் தெரிந்துகொண்டாள். எனக்குத் தெரியுமே என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்ததாக என்னிடம் சொன்னாள்.

என் வீட்டில் இரண்டு தடியன்கள் இருக்கிறார்கள். நான் கதவைச் சாத்தினால் அதை உடைத்துக்கொண்டு வந்து என்ன சாப்பாடு என்று கேட்பார்கள். தனியாக ஒரு மணி நேரம் கிடைக்காதா என்று ஏங்குகிறவள் நான். இவளோ கடை மூடும் நேரத்தில் மெத்தை உறைகளைத் திரும்பத் திரும்ப நீவிக்கொண்டு நிற்கிறாள். கால் வலிக்கிறது, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்பாள். வீட்டுக்குப் போனாலும் உட்காரலாமே என்று கேட்க வாய் வரும், கேட்க மாட்டேன். அவளைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பில் மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டப்பாவைத் திறக்கவில்லை. முந்தின நாள் விடுமுறையாம். ஆப்பிளை நறுக்கித் தட்டில் எடுத்துக்கொண்டு மகளுக்குக் கொடுக்கப் போனாளாம். அந்தக் கதவை அவள் தட்டினதே இல்லை, அன்றைக்கு ஏனோ தட்ட வேண்டும் என்று தோன்றியதாம்.

"உள்ளேருந்து 'யாரு?'ன்னு கேக்குறா" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் டப்பாவின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ படிக்கிற மும்முரத்தில் வாய் தவறிக் கேட்டிருப்பாள், சின்னப் பிள்ளைதானே, இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே என்றேன்.

"வீட்ல இருக்கறதே ரெண்டு பேரு" என்றாள்.

"அம்மான்னு சொல்ல வேண்டியதுதானே அக்கா?"

"சொன்னேன். சொல்றதுக்கு எனக்கே கொஞ்ச நேரம் ஆச்சு."